மேம்பாலத்தார் போட்ட குழாய்

டடக்... டடக்.

இருட்டியதும் வாசலில் அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரம் ஓயும், அவளுக்குப் போன உயிர் திரும்பி வரும். உடனே மறுபடியும் டடக், டடக்.

குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைத் தொடங்கினாள். பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினாள். கதவில் தாழ்ப்பாள் இருந்தது. அதைப் போடத்தான் அனுமதி இல்லை. கணவரின் உத்தரவு.

"நான் வந்து பெல் அடிச்சா பொடிசு முழிச்சுக்குவான். அப்புறம் யாரு தூங்க வைக்கிறது? சும்மா சாத்தி வை."

இந்த 'யாரு'வில் அவர் ஒருநாளும் சேர்ந்ததில்லை. அதனால் தினமும் சாத்திய கதவுக்கு முட்டாக ஒரு நாற்காலி, நாற்காலி மேல் ஒரு வாளி, வாளிக்குள் நாலைந்து கரண்டி. திருடன் வந்தால் சத்தம் கேட்கும். கேட்ட பிறகு என்ன செய்வது என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. கணவர் வந்தாலும் அதே சத்தம்தான். பொடிசு எப்படியும் விழித்துக்கொள்வான்.

கணவர் சாலைத் துறையில் வண்டிகளை எண்ணும் அதிகாரி. ஊரோ ஒரே நெரிசல். அதைத் தீர்க்க அரசாங்கம் ஒரு பெரிய தொகையை ஒதுக்கியிருந்தது. மேம்பாலம் கட்டலாம், இல்லாவிட்டால் ரயில் விடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யப் பணம் போதாது. எதற்கு என்று முடிவு செய்ய, தெருக்களின் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் போட்டு வண்டிகளை எண்ணினார்கள். சக்கரம் ஏறினால் 'டடக்'. ஓரத்தில் இருக்கும் பூட்டிய பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். கணக்கு ஏறிவிடும். ஒரு குழாய் இவர்கள் வாசலிலேயே கிடந்தது. அவரே நின்று போட வைத்தது. வண்டியே வராத தெருவில் ராத்திரியில் யார் இப்படிச் சுற்றுகிறார்கள் என்பதுதான் அவள் பயம்.

குழாய் போட்ட அன்று சாப்பாட்டு மேஜையில் அவர் ஆகாயத்தில் கோடு போட்டுக் காட்டினார். "பாலம் நேரா நம்ம தெருவுல வந்து இறங்குது. ஆபீஸ்ல வண்டிய எடுத்தா அடுத்த மூச்சுல வீடு."

"அதுக்கு நம்ம தெருவுல வண்டி ஓடணுமேங்க?"

"ஓடணும். ரொம்பக் குறைஞ்சா ஒண்ணும் கிடைக்காது. ஓரளவு வந்தா பாலம்."

"ரொம்ப அதிகமாயிட்டா?"

"எந்த ரோடும் தாங்காதுன்னு ரயிலுக்குத் தூக்கிக் கொடுத்துருவாங்க." சிரித்தார். "நம்ம தெருவாவது, அந்த அளவுக்கு வர்றதாவது."

அன்றிலிருந்து பக்கத்து வீட்டுத் தையல் அக்கா அவருக்கு 'மேம்பாலத்தார்' என்று பட்டம் கட்டிவிட்டாள்.

டடக், டடக்.

அவளுக்குப் பயந்து பயந்தே அலுத்துவிட்டது. திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். ஒரு கார் குழாய் மேல் ஏறி இறங்கித் தெருமுனை வரை போனது. திரும்பியது. மறுபடியும் ஏறி இறங்கியது. அவர்கள் கார். அவள் கணவர். முகத்தில் ஒரு கடமை வீரரின் களைப்பு.

ரொம்ப நேரம் கழித்து வாளி உருண்டது. பொடிசு வீறிட்டான்.

"செம டிராஃபிக்மா," என்று சோபாவில் விழுந்தார்.

"எங்கங்க?"

"எங்க பார்த்தாலும்."

குழந்தை பிறந்ததிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட முழுதாகத் தூங்கியதில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. "பாவம்ங்க நீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரண்டிகளைப் பொறுக்கினாள்.

மறுநாள் தையல் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்போ இத்தனை நாளா அவர் மாட்டிக்கிட்ட டிராஃபிக்கே அவர்தானா?"

"ஆமாக்கா."

"நீ உள்ள நடுங்கிட்டு இருக்கே, அந்த மனுஷன் வாசல்ல ரவுண்டு அடிக்கிறாரா? இன்னிக்கு வரட்டும். நடுரோட்டுல வழிய மறிச்சு நான் கேக்குறேன்."

"வேணாங்க்கா. பாலம் வந்தா கார் இருக்கும். கார் இருந்தா இன்னிக்குக் குழாய், நாளைக்கு வேற ஒரு சாக்கு. எனக்கு ரயில்தான் வேணும்."

"ரயிலா?"

"ரயில்ல வர்றவரு ரவுண்டு அடிக்க முடியாதுல்ல. இறங்கினா நேரா வீடுதான்."

அக்கா மூக்கில் விரல் வைத்தாள். "வாயே இல்லாத பொண்ணுன்னு நெனச்சேனே."

"அவர் ஓட்டுறது போதாதுக்கா. நாமளும் ஓட்டணும்."

அவர் ஆபீசுக்குப் போனதும் வேலை ஆரம்பமானது. அக்கா ஸ்கூட்டரில் நூல் வாங்கப் போனாள், ஊசி வாங்கப் போனாள், ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாகப் போய் வந்தாள். தண்ணீர் கேன் போடுகிறவர் ஒவ்வொரு கேனையும் தனி நடையாகக் கொண்டுவந்தார். கூலி, அக்கா தைத்துக் கொடுத்த இரண்டு சட்டை. அவளுக்கோ வண்டி ஓட்டத் தெரியாது. குழந்தையின் தள்ளுவண்டியை உருட்டிப் பார்த்தாள். சிவப்பு விளக்கு அசையவில்லை. பொடிசுக்கு எடை போதவில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்காவின் பழைய தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள்.

டடக். விளக்கு மின்னியது.

ராத்திரியில் சாப்பாடு போட்டுக்கொண்டே பெருமூச்சு விட்டாள். "நம்ம தெருவுல ஈ காக்கா காணோம்ங்க. பாலம் நமக்குக் கொடுப்பினை இல்லை போல."

அவர் அவசரமாகக் கைகழுவினார். "ஆபீஸ்ல ஒரு ஃபைலை மறந்துட்டேன், இதோ வந்துடுறேன்."

டடக், டடக். அவள் பொடிசைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அந்தச் சத்தத்தில் தாலாட்டு மாதிரி ஒரு சுகம் இருந்தது.

குழாயைச் சுருட்டிப் பெட்டியை எடுத்துப்போன சில வாரங்களில், ஒருநாள் வெளிச்சம் இருக்கும்போதே கணவர் வந்தார். பஸ்ஸில் வந்து, தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். காலையில் போட்டிருந்த சட்டைதான், ஆள்தான் அதற்குள் சுருங்கியிருந்தார்.

"ரயிலுக்குப் போயிடுச்சு."

"அச்சச்சோ."

"பெட்டியத் திறந்தா, ஊர்லயே நெரிசலான தெரு நம்ம தெருவாம். தலைமைப் பொறியாளர் கைகொடுத்துப் பாராட்டுறாரு. ஸ்டேஷனே தெருமுனைல வருதாம். நாளையிலேர்ந்து மண் பரிசோதனைக்குத் தோண்டுறாங்க. கார் உள்ள வர முடியாது, அதான் ஆபீஸ்லயே விட்டுட்டு வந்தேன். ரயில் வர்ற வரைக்கும் ஆபீஸ் பஸ்தான். சாயங்காலமே கிளம்பிடும்."

"அவ்வளவு வண்டி யாருங்க ஓட்டியிருப்பாங்க?"

அவர் அவள் பக்கம் பார்க்காமல் சோபாவில் உட்கார்ந்தார். அப்போதுதான் மூலையில் நின்ற தள்ளுவண்டி கண்ணில் பட்டது. புது வண்டி. சக்கரங்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. உள்ளே தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது.

"இது... இவ்வளவு தூரம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலைங்க. வாசல்லயேதான்."

கணவர் வாசலைப் பார்த்தார், தள்ளுவண்டியைப் பார்த்தார். விருட்டென்று எழுந்தார். "அந்தக் கணக்கு பொய். இப்பவே போய்த் தலைமைப் பொறியாளர்கிட்ட சொல்லிடுறேன்."

"சொல்லுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரே, அதுக்கு என்ன சொல்வீங்க?"

அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். வெளியே இருட்டத் தொடங்கியது. பொடிசு சிணுங்கினான். அவள் அவனைத் தூக்கி அவர் தோளில் சாய்த்தாள்.

"பழகின ஆளுதானே நீங்க. கூடத்துக்குள்ளயே நாலு ரவுண்டு போங்க. தூங்கிடுவான்."

பிறகு நாற்காலியை நகர்த்தி, வாளியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.