பிள்ளைப்பேற்று ஆயத்தக் கமிட்டி

உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் எந்தத் தீர்மானமும் நிறைவேற்றப்படாமலே பிறந்துவிடுகின்றன. மனித குலத்தின் இந்தக் குறை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் ஆண்டு ராயபுரத்தில் நிவர்த்தி செய்யப்பட்டது. கருப்பட்டி மொத்த வியாபாரி ஞானதுரை, தம் மனைவி சுகிர்தம் குளிக்காமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே ‘பிள்ளைப்பேற்று ஆயத்தக் கமிட்டி’யை நிறுவினார்.

தலைவர் அவரே. செயலாளர் அவருடைய அக்கா ஞானபாக்கியம். டப்பாக்களின் மேல் உள்ள இங்கிலீஷை வாசிக்கும் பொறுப்பு, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த எதிர்வீட்டு ஹென்றிக்கு. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கூட்டம். சுகிர்தமும் தவறாமல் கலந்துகொண்டாள். காப்பித் தம்ளர்களோடு உள்ளே வருவாள், காலித் தம்ளர்களோடு வெளியே போவாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டுமே என்ற சிக்கல் எழவில்லை. அவளுடைய அம்மா இரண்டு வருஷம் முன்பே இறந்துபோயிருந்தது கமிட்டிக்கு மிகவும் வசதியாக இருந்தது.

பிள்ளை மே மாதம் பிறக்க வேண்டும். ஆகவே கம்பளிச் சட்டை நான்கும், கம்பளிக் காலுறை ஆறு ஜோடியும் வாங்கப்பட்டன. பால்மாவு டப்பாவின் படத்தில் இருந்த பிள்ளை அப்படித்தான் உடுத்தியிருந்தது. சுகிர்தம் தன் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, ஓரம் தைத்து, ஒரு கட்டுத் துணி மடித்து வைத்திருந்தாள். அது ‘கந்தல்’ என்று தள்ளுபடி செய்யப்பட்டது.

சீமையிலிருந்து பால் புட்டி வந்தது. படகு மாதிரி நீளமாக, இரண்டு முனையிலும் ரப்பர் மாட்டியிருந்தது. எந்த முனை பிள்ளைக்கு என்று ஆராய ஒரு கூட்டம் முழுவதும் செலவாயிற்று.

“ரெட்டப் பிள்ள பெறந்தா ஆளுக்கொரு பக்கம் குடிச்சிக்கிடும்லா,” என்றாள் ஞானபாக்கியம்.

ஹென்றி அதைக் குறித்துக்கொண்டார்.

எல்லாம் கண்ணாடி அலமாரியில் ஏறிப் பூட்டப்பட்டன. வீட்டுக்கு வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று வியந்தார்கள். “எந்த மாசம்?” என்று அலமாரியைப் பார்த்தே கேட்டார்கள்.

எட்டாம் மாதம் ஒரு மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது சுகிர்தத்தின் ரவிக்கை நனைந்தது. தண்ணீர் தெளித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். மஞ்சளாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தது. அரிசியை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வெட்கம் வந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் வந்தது. அதற்கு அவளிடம் பெயர் இல்லை. இத்தனை மாதமாக இந்த வீட்டில் தான் ஒரு பெட்டி, உள்ளே இருக்கும் சரக்குக்குத்தான் மதிப்பு என்று நினைத்திருந்தாள். இப்போது, ஒருவரும் ஆர்டர் கொடுக்காமலே, அவளுக்குள் ஏதோ வந்து இறங்கியிருந்தது.

ஒரு வாரம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். பிறகு மைனி ஞானபாக்கியத்திடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறே தீர்மானம் வந்தது. முதல் மூன்று நாள் சுரப்பது கெட்ட பால். அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். பிள்ளைக்கு முதலில் சேனை, பிறகு டப்பாப் பால். சேனை என்பது, பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீரைத் தொட்டு வைப்பது. வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது திருநெல்வேலியிலிருந்து அவர்கள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்த நம்பிக்கை. சொந்தக் குணத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க ஞானதுரைக்கே மனம் வரவில்லை. வியாபாரிகள் சங்கத் தலைவர் சுயம்பு அண்ணாச்சி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சுகிர்தம் தம்ளர்களை எடுக்காமல் நின்றாள். அந்தக் கமிட்டியில் அவள் பேசியது அன்று ஒருநாள்தான்.

“மொதப் பால் நானே குடுத்துக்கிடட்டுமா?”

ஞானதுரை கனிவான மனிதர். “அது இன்னைக்கு அஜெண்டாவுல இல்ல, சுகிர்தம்,” என்றார் மெதுவாக.

பிள்ளை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பிறந்தது. பெண். மீன்காரத் தெருவிலிருந்து வந்த மருத்துவச்சி கன்னியம்மா குளிப்பாட்டித் துடைத்துக் கொடுத்தாள். வெள்ளிக் கிண்ணத்தில் சீனித் தண்ணீர் தயாராக இருந்தது. அண்ணாச்சி மட்டும் இல்லை. அவர் உப்பளம் பார்க்க எண்ணூர் போயிருந்தார். ஹென்றி லீவு போட்டுவிட்டு ரயிலேறினார். அண்ணாச்சி வரும்வரை பிள்ளையின் வாயில் எதுவும் படக்கூடாது என்று அவசரக் கூட்டம் முடிவு செய்தது.

எட்டு மணிக்குப் பிள்ளை அழுதது. குரல் கணீரென்று இருப்பதாகத் தலைவர் பாராட்டினார். பத்து மணிக்கும் அழுதது. ஒவ்வொரு அழுகைக்கும் சுகிர்தத்தின் மார்பு இறுகி வலித்தது. பன்னிரண்டு மணிக்கு அழுகை மெலிந்து, பூனைக்குட்டி முனகல் போல ஆயிற்று. பிறகு அதுவும் விட்டுவிட்டு வந்தது. வெளியே கமிட்டி ரயில் நேரத்தை விவாதித்துக்கொண்டிருந்தது.

கன்னியம்மா அறை வாசலுக்குப் போனாள். “இத பாரு நைனா. மார்ல பால் கீது, வவுத்துல பசி கீது. நடுவுல இத்தினி பேரு எதுக்குக் குந்திகினு கீறீங்கோ?”

அவள் கமிட்டி உறுப்பினர் அல்ல என்பது அவளுக்கு நினைவூட்டப்பட்டது.

சுகிர்தம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. அது தலையைத் திருப்பித் திருப்பி அவளுடைய சேலையைத் தேடியது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வீட்டில் இதுவரை ஒருவரும் அவளிடம் இப்படி எதையும் தேடியதில்லை.

“கன்னியம்மா, கதவச் சாத்து,” என்றாள்.

முனகல் நின்றது வெளியே கேட்டதும் கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்த ஞானதுரை அப்படியே நின்றுவிட்டார்.

“யாரக் கேட்டுக் குடுத்த?”

“பிள்ள கேட்டிச்சு.”

ஞானபாக்கியம் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். “போச்சு தம்பி. இனி இவ குணம்லா வரும்.”

விஷயம் அண்ணாச்சிக்குத் தெரியக்கூடாது என்று கமிட்டி முடிவு செய்தது. நாலு மணிக்கு அவர் வந்தார். கிண்ணத்தில் மிதந்த எறும்புகளை ஊதி ஒதுக்கிவிட்டு, விரலைத் தொட்டு, தூங்கும் பிள்ளையின் உதட்டில் வைத்தார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. சொட்டு கன்னத்தில் வழிந்தது. வயிறு நிறைந்த பிள்ளை என்று அவர் மெச்சினார். பிறகு அலமாரியைப் பார்வையிட்டு, அங்கேயே நின்று ஒரு சிறு உரை நிகழ்த்தினார். இந்தப் பிள்ளைக்காக எட்டு மாதம் ஊணுறக்கம் பாராமல் பாடுபட்ட ஞானதுரையை எல்லாத் தகப்பன்மார்களும் பின்பற்ற வேண்டும் என்றார்.

கூடம் முழுவதும் கை தட்டியது. உள்ளே இருந்த சுகிர்தமும் தட்டியிருப்பாள். ஆனால் அந்த வீட்டில் அவள் கையில் மட்டும்தான் பிள்ளை இருந்தது.