பழைய முகவரிக்கே வருகிறவர்கள்

பலகையில் 11 என்று எழுதிவிட்டு, மார்க்கருக்கு மூடி போடுகிற சாக்கில் வெப்சைட் மாப்பிள்ளை சுவரைப் பார்த்தே நின்றார். திரும்பினால் கடையில் இருக்கிற ஏழு பேர் முகத்தையும் பார்த்தாக வேண்டும்.

"சார், பின்னாடி ஏதாவது நம்பர் விட்டுப்போச்சா?" என்று கேட்டாள் பில் போடும் அக்கா.

"இல்லக்கா. பதினொண்ணுதான்."

"நேத்து நூத்தி பதினாலு இருந்துச்சே."

"அது நேத்துக்கா."

குழாய், ஷவர், வாஷ்பேசின், கம்மோடு என்று ஒரு வீட்டில் தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் சாமான் விற்கிற கடை அது. மாமனாருடையது. ஆறு வருஷத்துக்கு முன் மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடிக்கொண்டபோது, "வெளிய எங்க அலையப் போறீங்க, நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் பண்ணுங்க" என்று மாமனார்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார். மாமனார் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே. அதனால் மாப்பிள்ளை தானாகவே ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். கடை மூடுவதற்கு முன், அன்றைக்கு வெப்சைட்டின் பக்கங்கள் எத்தனை தடவை திறக்கப்பட்டன என்று எல்லோரும் பார்க்க வெள்ளைப் பலகையில் எழுதுவார்.

முதல் மாதம் அது மூன்று, ஐந்து என்று நொண்டியது. அப்புறம் என்ன மாயமோ, நூறைத் தாண்டிப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அந்த நூறுதான் அவருடைய மானம், மரியாதை எல்லாம்.

மனுஷன் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது ஒரு பயிற்சி வகுப்பு. "உங்க பக்கத்தோட முகவரியப் பாருங்க. கேள்விக்குறி, சமக்குறி, அப்புறம் 1187. தேடுபொறிக்கு இதுல என்ன புரியும்? பொருளோட பேரையே முகவரியா வைங்க, நூறு ஆயிரமாகும்" என்றார் வகுப்பெடுத்தவர். ஆயிரம் என்ற சொல் மாப்பிள்ளையின் காதில் தேனாகப் பாய்ந்தது. மறுநாள் காலையிலேயே முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களுக்கும் எண்ணை எடுத்துவிட்டுப் பேர் சூட்டிவிட்டார்.

பழைய முகவரியைச் சேமித்து வைத்திருக்கிறவர்கள் அதன் வழியாகவே வருவார்கள், அவர்களைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதையும் வகுப்பில் சொன்னார்கள். அப்போது இவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

ஆக, வழக்கமாக வருகிறவர்களெல்லாம் வந்து, 'இந்தப் பக்கம் இல்லை' என்ற வாசகத்தைப் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். திரும்பிப் போன கணக்கு திரையில் நின்றது. நூற்று மூன்று. யார், எவர் என்றெல்லாம் சொல்கிற அளவுக்கு அது விவரமான கணக்கில்லை. தேடி வந்த நூற்று மூன்று பேர் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பே கூசியது.

வீட்டுக்குப் போனால் மனைவி தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அப்பா மத்தியானம் சரியாவே சாப்பிடலையாம். அம்மா போன்ல சொன்னாங்க. கடைல என்ன பண்ணி வச்சீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"ஒண்ணும் பண்ணாத ஆளு எதுக்கு வெறும் சோத்தப் பிசையுறீங்க? குழம்பு இன்னும் ஊத்தவே இல்ல."

மறுநாள் முதல் வேலையாகப் பழைய எண்களை ஒரு வரிசையிலும் புதிய பேர்களைப் பக்கத்து வரிசையிலும் போட்டு, இதைக் கேட்டால் இதைக் காட்டு என்று ஜோடி சேர்த்தார். எண்கள் எண் வரிசையில் இருந்தன. பேர்கள் அகர வரிசையில் இருந்தன. அவசரத்தில் இருந்தவர் அதைக் கவனிக்கவில்லை.

பதினோரு மணிக்கு மாமனார் அறைக்குள் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, பித்தளை ஷவரத் திறந்தா கம்மோடு மூடி வருதே."

"யார் மாமா சொன்னது?"

மாமனார் மின்விசிறியைப் பார்த்தார். "வாடிக்கையாளர்ங்கதான். வேற யாரு?"

"எத்தன பேர் சொன்னாங்க?"

"அது... நெறைய பேர். முகம் பாக்குற கண்ணாடியத் தொட்டா சாக்கடை மூடி வருதாம். வாஷ்பேசின் கேட்டா கழுவுற பிரஷ். எங்க போய் விழுறோம்னே தெரியல." கொஞ்சம் இருமிக்கொண்டார். "விழுறாங்கன்னு சொல்ல வந்தேன்."

மாப்பிள்ளைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டினாலாவது மனசு ஆறும். அவரோ தண்ணீர் டம்ளரை இவர் பக்கம் நகர்த்தி வைக்கிறார். தப்பான சாமானைப் பார்த்தவர்கள் மேற்கொண்டு எதையும் திறக்கவில்லை போலிருக்கிறது, அன்று பலகையில் 19தான் ஏறியது. பில் போடும் அக்கா அதைப் பார்க்காத மாதிரி பேப்பர் சுருளை மாற்றினாள். அவள் கேலி செய்திருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் ஜோடிகளைச் சரியாகச் சேர்த்தார். ஆனால் விதி விடவில்லை. முதல் நாள் பதற்றத்தில், புதிய முகவரிக்கு வருகிறவர்களைப் பழையதற்கு அனுப்பு என்று ஒரு கட்டளை எழுதி, வேண்டாம் என்று ஓரமாக வைத்திருந்தார். இப்போது அதையும் சேர்த்து ஏற்றிவிட்டார். பழைய முகவரி புதியதிடம் போ என்றது. புதியது பழையதிடமே போ என்றது. ஏதோ ஆபீசில் கையெழுத்துக்கு அலைகிற கதையாக, உள்ளே வந்தவர் சுற்றிக்கொண்டே இருந்தார். மொத்த வெப்சைட்டும் மூச்சை நிறுத்தியது.

சாயங்காலம் பலகையில் சின்னதாக ஒரு பூஜ்யம் போட்டார்.

"சார், இங்கேருந்து ஒண்ணும் தெரியல. கொஞ்சம் பெருசா எழுதுங்க" என்றார் பின்னாலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறவர். அவருக்குத் தூரப்பார்வை சரியில்லை, பாவம். மாப்பிள்ளை அழித்துவிட்டு, தன் அவமானத்தைத் தானே பெரிதாக எழுதினார்.

நேரே மாமனார் அறைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மாமா, என்னை நம்பி உக்கார வச்சீங்க. ஆறு வருஷமா வந்துட்டிருந்தவங்கள மூணே நாள்ல விரட்டிட்டேன். நான் வேலைய விட்டுடுறேன். உங்க முகத்தப் பாக்கவே வெக்கமா இருக்கு."

"அட, உக்காருங்க மாப்பிள்ளை. வேலையெல்லாம் எதுக்கு விடணும்? பழைய முகவரி திரும்பி வந்தா போதும். அவங்க கேக்குறது அவ்வளவுதான்."

"அந்தக் கேள்விக்குறி, சமக்குறியோடயா?"

"அதேதான். பழகிட்டாங்க. புதுசெல்லாம் அவங்களுக்குத் தேடி எடுக்கத் தெரியாது."

"இவ்வளவு விசுவாசமா மாமா?"

மாமனார் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார். "ஆமா. நல்ல மனுஷங்க."

பேர்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு மாப்பிள்ளை பழைய எண்களையே திரும்ப உட்கார வைத்தார். தேடுபொறி எக்கேடோ கெட்டுப் போகட்டும். மறுநாள் சாயங்காலம் கணக்கைப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். நூற்றுப் பதினாறு.

அதைப் பலகையில் எழுதினார். திரும்பி நின்று, ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கடையில் எல்லோரிடமும் பேசினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். தப்பு முழுக்க என்னோடது. கதவ மூடினேன், தப்பான எடத்துக்கு அனுப்பினேன், சுத்தவும் விட்டேன். அப்பவும் ஒருத்தர்கூட நம்மள விட்டுப் போகல. முகம் தெரியாத அந்த நூறு பேரையும் நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்." கையெடுத்துக் கும்பிட்டார்.

பில் போடும் அக்கா தரையைப் பார்த்தாள். சாமான் எடுத்துக் கொடுப்பவர் ஏற்கெனவே அடுக்கிய குழாய்களை மறுபடி அடுக்கினார். மாமனாருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது போலிருக்கிறது, காதில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்.

அவர் பையை எடுத்துப்போக உள்ளே வந்த டிரைவர், பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பலகைல நம்பர் கொறஞ்சா உங்க முகம் வாடிடும்னு ஐயா ஆறு வருஷமா தினம் கார்ல உக்காந்து ஒவ்வொரு பக்கமா திறக்குறாரு, இன்னிக்குக் கண்ணு வலின்னு பாதிய என்கிட்ட குடுத்துட்டாரு, கட்டைவிரல் வீங்கிப்போச்சு மாப்பிள்ளை சார், நாளைலேருந்து எண்பதோட நிறுத்திக்கலாமா?"