போர்வை போட்ட ஜன்னலும் சாம்பல் எழுத்தும்

ஒரு நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் இந்நேரம் வேலையில் பெர்மனன்ட் ஆகியிருப்பேன். (கான்ட்ராக்ட் ஆட்கள் நிறைந்த எங்கள் நெய்வேலியில் அந்தச் சொல்லின் மகிமை தனி.)

2018-ஆம் வருடம். மகள் நிலா தவழ்ந்துகொண்டிருந்தாள். கணவருக்குச் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட். பகலில் அவர் தூங்குவதற்காகப் படுக்கையறை ஜன்னலைக் கம்பளிப் போர்வையால் மூடிவிடுவோம். நான் பக்கத்தில் இல்லையென்றால் நிலா அழுவாள். அவள் அழுதால் அவர் எழுவார். தூக்கம் கெட்ட மனிதரை அந்தப் பெரிய இயந்திரங்களுக்கு நடுவே நிற்க அனுப்பலாமா? எனவே அந்த இருட்டிலேயே, மடிக்கணினியின் வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்துவிட்டு வேலை பார்த்தேன்.

சென்னையில் ஒரு சிறிய நிறுவனம். குழந்தை பிறந்தபின் கிடைத்த முதல் வேலை, கான்ட்ராக்ட்தான். முதியோருக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலிக்குத் திரைகளை வடிவமைக்க வேண்டும். பிடித்துப்போனால் வீட்டிலிருந்தபடியே நிரந்தரம் என்றிருந்தார் அதை நடத்திய கீதா மேடம்.

மென்பொருளில் நிறங்களுக்குப் பெயர் வைத்துச் சேமிக்கலாம். நான் ‘எழுத்து’, ‘பின்னணி’ என்று இரண்டு வைத்திருந்தேன். பெயருக்குரிய நிறத்தை ஓரிடத்தில் மாற்றினால் போதும், எல்லாத் திரைகளிலும் மாறிவிடும். எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு பிளாக் குவார்ட்டர்ஸ் வீடுகள் முழுவதற்கும் ஒரே சுண்ணாம்பு அடிப்பதுபோல. வசதிதான், அடிப்பவருக்குப் புத்தி இருந்தால்.

எனக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து கண்ணை உறுத்தியது. பாவம் முதியவர்கள், உறுத்தாதா? கொஞ்சம் வெளுக்க வைத்தேன். போதுமா? இன்னும் கொஞ்சம். இருட்டில் மெல்லிய சாம்பல் நிறம் அத்தனை இதமாக இருந்தது.

மறுநாள் காலை கிளையண்டுக்குக் காட்டினார்கள். அங்கே வெளிச்சமான அறை, சுவரில் பெரிய திரை; நான் இங்கே மாற்றுவது அதில் உடனுக்குடன் தெரியும். இங்கே நான் காதில் ஹெட்போனும் மடியில் நிலாவுமாக.

“சுதா, எழுத்தையே காணோமே?” என்றார் மேடம்.

“தெரியுதே மேடம்,” என்று கிசுகிசுத்தேன்.

“எங்கம்மா தெரியுது? வெறும் வெள்ளையா இருக்கு. கொஞ்சம் சத்தமாப் பேசேன்.”

“அவரு தூங்குறாருங்க மேடம்.”

கிளையண்ட் பெரியவர் சிரித்தது கேட்டது. “மாத்திரைய மறக்கக் கூடாதுன்னு ஆப் கேட்டேன். ஆப்பே எல்லாத்தையும் மறந்துடுச்சு போல!”

எழுத்தைக் கறுப்பாக்கப் போனவள் பதற்றத்தில் ‘பின்னணி’ என்பதைப் பிடித்துக் கறுப்பாக்கிவிட்டேன். எல்லாத் திரைகளும் அவர்கள் கண்முன்னே இருண்டன. ஆனால் அந்தக் கறுப்பின் மேல் என் சாம்பல் எழுத்து பளிச்சென்று தெரிந்தது!

“அட, இது நல்லாருக்கே,” என்றார் பெரியவர்.

அங்கேயே கையைக் கட்டியிருக்கலாம். நான்தான் தவறு செய்தால் திருத்தாமல் விடாதவளாயிற்றே. “விடு சுதா, தொடாத!” என்று மேடம் சொல்லி முடிப்பதற்குள் ‘எழுத்து’ நிறத்தையும் கறுப்பாக்கிவிட்டேன்.

கறுப்பின் மேல் கறுப்பு. செய்ததை ரத்து செய்ய ஒரு விசை உண்டென்பது எனக்கு மதியச் சாப்பாட்டின்போதுதான் நினைவு வந்தது. நிலா வீறிட்டாள். கணவர் எழுந்து திரையை எட்டிப் பார்த்தார்.

“இன்னா சுதா, வூட்டுக்குள்ளயே மைன்ஸ் தோண்டிகினு இருக்க?”

ஹெட்போனைப் பிடுங்கி நிலா வாயில் வைத்திருந்ததால், கீதா மேடம் கடைசியாக என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் மின்னஞ்சலில் நாகரிகமாகச் சொல்லிவிட்டார்: வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்களாம்.

இப்போது நிலாவுக்கு எல்லாம் புரிகிறது. வீட்டில் கரண்ட் போனால், “அப்பா, அம்மா கலர் மாத்திட்டாங்க!” என்று கத்துகிறாள். அவரும் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், இருட்டில் முகம் தெரியாது என்பதால்.

இன்னொரு நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. அவருக்கு இந்த வாரமும் நைட் ஷிஃப்ட். தூங்குகிறவர் எழவும் கூடாது, எழுத்து தெரியவும் வேண்டும். அந்தப் போர்வையை எவ்வளவு விலக்கலாம்? ஷிஃப்ட் வீட்டில் வாழ்ந்தவர்கள் யாராவது தயவுசெய்து சொல்லுங்களேன்.