கழுத்தில் டியூப் போட்ட டாக்டர்

பத்திரிகையில் எழுதுகிற தகுதி எனக்கு இல்லை. மட்டாஞ்சேரியில் பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவள் நான். தமிழ் எழுத்தை அம்மா சொல்லிக்கொடுத்தார். மீதியை இந்த மாதிரி வார இதழ்களில் எழுத்துக்கூட்டிப் பழகிக்கொண்டேன். நாலு பேர் முன்னால் என் பெயரைக் கேட்டாலே எனக்கு வியர்த்துவிடும். அப்படிப்பட்டவள் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். டாக்டரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால்தான் துணிந்தேன்.

கொச்சியில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் டாக்டரைப் போல ஒரு கைராசிக்காரர் எங்கேயும் கிடையாது. அவர் தொட்டுப் பார்த்த ஒருவர்கூட இதுவரை இறந்ததில்லை. காரணம், அவர் பார்த்ததெல்லாம் சுவர்.

அவர் ஒரு சின்ன கட்டட கான்ட்ராக்டர். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் டியூப் வைத்திருப்பார்களே, அதை அவர் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டுதான் வீட்டைவிட்டே இறங்குவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்டெதாஸ்கோப் மாதிரியே இருக்கும். சாயாக்கடைக்காரர் ஒருநாள் "டாக்டரே, ஒரு சாயா எடுக்கட்டா?" என்றார். அன்றோடு கான்ட்ராக்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

அவரிடம் நான் ஆபீஸ் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்றால் சுக்கு, மிளகு கோடவுனுக்குப் பின்னால் ஓர் அறை. எங்களுக்கு வந்த வேலைகள் எல்லாம் லாரி நுழையாத சந்துகளில்: ஒழுகுகிற மொட்டைமாடி, உடைந்த குளியலறை, சாய்ந்த மதில். வேலை கொடுப்பவர்கள் எல்லாருக்கும் டாக்டர் சொந்தக்காரர் மாதிரி. "நம்ம டாக்டரல்லே, பார்த்துப் போட்டுக் குடுங்க" என்பார்கள். அவரும் பார்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து தலையைச் சொறிவார்.

தலைமைக் கொத்தனார் பாபுச்சேட்டன்தான் கடைசியில் வாயைத் திறந்தார். பெரிய ஃப்ளாட் கட்டுகிற ஒரு கம்பெனி அவரையும் மற்ற கொத்தனார்களையும் கூப்பிட்டிருந்தது.

"டாக்டரே, ஓணம் வரைக்கும் நோக்குவேன். அதுக்குள்ள ஒரு பெரிய வீட்டுப் பணி வரலேன்னா நாங்க போவோம். அப்புறம் டியூபும் நீங்களும்தான்."

டாக்டர் அன்று சாயா குடிக்கவில்லை. மறுநாள் வந்ததும் என் மேஜைமேல் டியூபைச் சுருட்டி வைத்தார்.

"நல்லா யோசிச்சு பதில் சொல்லணும். கான்ட்ராக்டர் ரேட் சொன்னா பணக்காரங்க என்ன செய்வாங்க?"

"குறைக்கச் சொல்லுவாங்க."

"டாக்டர் ஃபீஸ் சொன்னா?"

"குடுத்துருவாங்க."

"குடுத்துட்டு?"

"தேங்க்ஸ் சொல்லுவாங்க."

"அதாக்கும் விஷயம்! இனிமே இது ஆபீஸ் இல்ல, வீடுகளுக்கு கிளினிக். நீ சிஸ்டர்."

அன்றே வாசலில் நாற்காலிகள் வரிசையாக வந்தன. நடுவில் பச்சைத் திரை. அவருக்கு முழுக்கை வெள்ளைச் சட்டை. பக்கத்துக் கோடவுனின் மிளகு நெடியில் உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டே இருந்ததால், பார்ப்பதற்கு அசல் கிளினிக்காகவே ஆகிவிட்டது. தோப்பும்படியிலிருந்து ஒரு பெரியவர் நிஜமாகவே முழங்கால் வலி என்று வந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அவரையும் திருப்பி அனுப்பவில்லை. எழுப்பி நிறுத்தி, இரண்டு தோளிலும் டியூபை வைத்துப் பார்த்தார்.

"வலது தோள் இறங்கியிருக்கு காரணவரே. மீன் சஞ்சியை இனிமே இடது கையில தூக்குங்க."

பெரியவர் அடுத்த வாரம் வந்து, வலி குறைந்துவிட்டது என்று ஒரு பாரை மீன் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குக் கொடுத்த வேலைதான் கஷ்டம். போன் வந்தால், "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார், கொஞ்சம் காத்திருங்க" என்று சொல்ல வேண்டும். பணக்காரர்களைக் காக்க வைத்தால்தான் மதிப்பார்கள் என்பது அவர் கணக்கு. நான் போனை எடுத்து "டாக்..." என்பேன். மிச்சம் தொண்டையிலேயே நின்றுவிடும். எதிர்ப்பக்கம் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள்.

முதல் பணக்கார நோயாளி கலூரில் கிடைத்தது. துணிக்கடை முதலாளி ஒருவரின் பங்களா. ஹாலில் நீளமாக ஒரு விரிசல். பாபுச்சேட்டன் சாமான்களையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். டாக்டர் விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"எப்போலேர்ந்து?"

"போன மழையிலிருந்து டாக்டர்," என்றார் முதலாளி, கையைக் கட்டிக்கொண்டு.

"ஜன்னலைச் சாத்தினா அதிருதா?"

"இல்ல டாக்டர்."

டாக்டர் டியூபை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "பயப்பட ஒண்ணுமில்ல. மேல்பூச்சு மட்டும் விரிஞ்சிருக்கு. அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கிறவனைப் பட்டி வைக்கச் சொல்லுங்க. நான் வேண்டாம்."

திரும்பி வருகிற ஆட்டோவில் பாபுச்சேட்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. "எண்ட டாக்டரே! ஒரு ஸ்கேனாவது எழுதிக் குடுத்திருக்கலாமே!"

"இல்லாத நோய்க்கு மருந்து குடுத்தா கைராசி போயிரும்டா."

ஆனால் அந்தக் கலூர் முதலாளி சொல்லித்தான் ஆலுவா மேடம் போன் செய்தார். பெரியாற்றங்கரையில் பெரிய பழைய வீடு. அதைப் பழுதுபார்த்து மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும். ஒரு வருஷத்துக்கு எல்லாருக்கும் வேலை. நான் வழக்கம்போல "டாக்..." என்று நின்றேன். மேடம் வைக்கவில்லை. பாலக்காட்டுத் தமிழில், "உங்க ஆபீஸ் மனுஷா வளவளன்னு பேசமாட்டா போலிருக்கு. ரொம்ப நன்னாருக்கு. நீங்க கட்டின வீடு ஒண்ணை வந்து பாக்கணுமே," என்றார்.

இங்கேதான் சிக்கல். காட்டுவதற்கு எங்களிடம் பங்களா ஏது? தோப்பும்படிப் பாலத்துப் பக்கம் ஒரு பெரிய வீட்டை நாங்கள் கட்டியதாகச் சொல்லிவிடலாம் என்றார் பாபுச்சேட்டன். அந்த வீட்டு மதிலுக்குச் சிமென்ட் பூசியது நாங்கள்தான்.

"மதிலைக் காட்டி வீட்டைச் சொல்றதா? ஐஷும்மா வீட்டைக் காட்டுவோம். முழுசா நாம கட்டினது அது ஒண்ணுதான்," என்றார் டாக்டர்.

ஐஷும்மாவின் வீடு சந்துக்குள் சந்து. கார் நுழையாது. பாபுச்சேட்டன் ஓடிப்போய், நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்படி ஐஷும்மாவிடம் கெஞ்சிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். கஞ்சி மொடமொடக்கிற கைத்தறிப் புடவை. தெருமுனையில் நின்ற காருக்குப் பாபுச்சேட்டனைக் காவல் வைத்துவிட்டு, நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். நான் மேடத்துக்குக் குடை பிடித்தேன்.

ஐஷும்மா வாசலிலேயே ஆரம்பித்தார்.

"வா டாக்டரே, வா! பெருநாளுக்கு முடிக்கிறேன்னு சொல்லி அடுத்த பெருநாளுக்கு முடிச்ச ஆளல்லே நீ? மேடமே, இந்தக் கோணி பாத்தியா? தடியன் ஒருத்தன் ஏறினா நடுவுல மாட்டிக்குவான். பின்னே அந்தக் குளிமுறி! வெள்ளம் ஓடாது. வாசல்ல கெட்டி நிக்கும். என் மருமக ரெண்டு பிராவசியம் வழுக்கினா!"

கோணி என்றால் மாடிப்படி. வெள்ளம் என்றால் தண்ணீர். பிராவசியம் என்றால் தடவை. எதையும் விளக்கத் தேவையில்லாதபடி ஐஷும்மா கையை ஆட்டினார்.

"என் மட்டமா தப்பு?" என்றார் டாக்டர். அவர் முகம் மாறிவிட்டது. பெரிய வீடு, ஓணம், மேடம் எல்லாம் அந்த நிமிஷத்திலேயே மறந்துபோயின. வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு குளியலறைக்குள் குந்தினார். டியூபின் ஒரு முனையைச் சுவரில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மறுமுனையைப் பின்னால் நீட்டினார்.

"பிடி."

பாபுச்சேட்டன் காருக்குக் காவல் நிற்பது அவருக்கு நினைவில்லை. பின்னால் நின்றிருந்தது ஆலுவா மேடம். அவர் அதை வாங்கி, முனையைப் பெருவிரலால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். "டாக்..."

"டேய், ஆடாம பிடிடா! கையில எலும்பு இல்லையா? குந்து! இன்னும் குந்து!"

மேடம் புடவையைச் சுருட்டிக்கொண்டு குந்தினார். அவரை "டா" என்று கூப்பிட்டவர்கள் அதற்கு முன் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"பெருவிரலை எடு."

எடுத்தார்.

"இப்ப கீழ இறக்கு. மெதுவா... மெதுவாடா பொட்டா!"

டியூபில் இருக்கிற தண்ணீருக்கு மேடம் என்றும் கொத்தனார் என்றும் தெரியாது. திறந்த முனையைச் சட்டென்று இறக்கினால் அத்தனையும் அந்தப் பக்கமாகக் கொட்டும். கொட்டியது. கைத்தறிப் புடவை மடியெல்லாம் நனைந்தது.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அப்படியே கல்லாகிவிட்டார். ஐஷும்மா தலையில் கையை வைத்தார். நான் குடையை விரித்தேன். எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலில் பேசியது மேடம்தான். "மட்டம் சரியா, தப்பா? அதைச் சொல்லுங்கோ."

டாக்டர் எழுந்து நின்றார். "தப்பு மேடம். ஐஷும்மா சொன்னதுதான் சரி. தரை வாசல் பக்கமாச் சரிஞ்சிருக்கு. நான் போட்டதுதான்." பிறகு ஐஷும்மாவிடம் திரும்பி, "நாளைக்கு வந்து பேர்த்துப் போடறேன் இத்தா. ஃப்ரீ," என்றார்.

"ஃப்ரீ இல்லாம பின்னே?" என்றார் ஐஷும்மா. "வெள்ளம் வெளிய போகலன்னாலும் ஒண்ணு சொல்லணும் மேடமே. இத்தனை மழையில மேலேர்ந்து ஒரு துளி உள்ள வந்ததில்ல. இருங்க, சாயா குடிச்சிட்டுப் போகலாம்."

மேடம் சாயா குடித்தார். ஐஷும்மாவின் உலர்ந்த துண்டால் மடியைத் துடைத்தார். எதுவும் சொல்லாமல் காரில் ஏறிப் போனார். நடந்ததைக் கேட்ட பாபுச்சேட்டன், ஃப்ளாட் கம்பெனிக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று அங்கேயே விசாரிக்க ஆரம்பித்தார்.

டாக்டர் மட்டும் டியூபில் மறுபடி தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல், வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்து நிரப்பினார். நான் எத்தனையோ பேர் கழுத்தில் தங்கச் சங்கிலி பார்த்திருக்கிறேன். அந்த டியூப் அவருக்கு இருந்த மாதிரி ஒன்றும் யாருக்கும் அழகாக இருந்ததில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. டாக்டரும் பாபுச்சேட்டனும் ஐஷும்மா வீட்டுக் குளியலறையைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆலுவா மேடம், வேலையை எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேட்க வேண்டுமாம். "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார், கொஞ்சம் காத்திருங்க," என்றேன், கடைசி வார்த்தை வரைக்கும். "காத்துண்டிருக்கேன்," என்றார் மேடம்.