வானத்துப் பங்கு

காட்டில் புலி குறைந்துவிட்டது. கிள்ளான் வட்டார வரிசை வீடுகளில் 'இன்னொரு கை' அண்ணன்மார் பெருகிவிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவர்கள் பின்னால் நடந்து, "இன்னொரு கை போடு லா" என்று கத்தியே நரைத்த தண்டல், அதாவது தோட்டத்துக் கங்காணி. ஓய்வு பெற்று, பண்டமாரானில் மகன் வீட்டுக்கு வந்து, வாசலில் மூன்று பூந்தொட்டிகளைக் கண்டதும் முன்னூறு ஏக்கர் என்று நினைத்து, யூரியா மூட்டையோடு இறங்குகிறவர். செம்பருத்தி வாடினால் யூரியா. தழைத்தால், பாராட்டாக யூரியா. பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் ஒருமுறை போட்டார். அது மட்டும்தான் பிழைத்தது.

எங்கள் வரிசைக்கு வாய்த்தவர் ரெங்கசாமி. அவருக்குப் பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா கிள்ளான் ஸ்டேஷனருகே வடைக் கடை வைத்திருக்கிறார். கடையைத் தாங்குவது வேலியோரக் கறிவேப்பிலை மரம். அந்த வாசனைக்குத்தான் ஆள் வருகிறது.

ஒருநாள் எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் விவசாய அதிகாரி சந்திரகலா உரம் பற்றிப் பேசினார். செடி தின்னாமல் விட்ட உரத்தில் ஒரு பங்கை மண்ணிலுள்ள கிருமிகள் வாயுவாக்கி மேலே அனுப்புகின்றனவாம். பல் டாக்டர் கொடுக்கும் அதே சிரிப்பு வாயு. அது உலகத்தையே சூடாக்குகிறதாம். எல்லோரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தோம். ரெங்கசாமி எழுந்தார்.

"அப்ப மேல போறது போக, செடிக்கு என்னாம்மா மிஞ்சும்?"

"அதான் அங்கிள், குறைச்சுப் போடுங்கன்னு சொல்றேன்."

"வானம் திருடுது. நாம கூடப் போட்டாத்தானே செடிக்குக் கிடைக்கும்?"

கைதட்டல் கூரையை முட்டியது. இப்படிப்பட்ட தர்க்கத்தை யார்தான் வெல்ல முடியும்?

மறுநாள் காலை வேலிக்கு மேல் ஒரு கை நீண்டது. பிறகு இன்னொரு கை. சில நாளில் இலை நுனிகள் கருகின.

"அண்ணே, என் மரத்துக்கு என்னா போட்டீங்க?"

"வானத்துப் பங்கையும் சேர்த்துப் போட்டேன், மாரியாயி. வாயு கிளம்பிடுச்சு பாரு, எனக்கே சிரிப்பு வருது."

"நாளைக்கு வடையில உங்க மீசையையா கிள்ளிப் போடுவேன்?"

அக்கா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மரம் இலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டது. கடைக்கு வந்தவர்கள் வடையைக் கடித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், எதிர்க் கடைக்குப் போனார்கள். ரெங்கசாமிக்கோ உண்மையாகவே கண் கலங்கியது. "பசியில வாடுது, பாவம்" என்றார்.

இன்று அடித்தண்டில் ஒரே ஒரு துளிர் எட்டிப் பார்க்கிறது. அக்காவின் பிழைப்பே இப்போது அந்த நுனியளவுதான். புளித்த மோர் கொஞ்சம் ஊற்றினால் சீக்கிரம் தழைக்குமே என்று உங்கள் உதடுவரை வந்துவிட்டதல்லவா? தெரியும். தயவுசெய்து கையைச் சட்டைப்பைக்குள் வையுங்கள். அக்கா வேலியோரம் விளக்குமாற்றோடு நிற்கிறார். யார் கை என்று பார்க்க மாட்டார்.