மயில் கழுத்து நிறத்தில் ஒரு கூட்டு

எனக்குப் பேச வராது. வீட்டுக்கு யாராவது வந்தால் வணக்கம் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். அப்படி ஒளிந்து ஒளிந்தே நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். (ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதுதான் மேல்படிப்பு.)

மகளின் கல்யாணத் தேதியைக் குறிக்க உத்தமபாளையத்திலிருந்து சம்பந்தி சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. முதல் நாள் கம்பம் மார்க்கெட்டில் ஊதா நிற முட்டைக்கோஸ் ஒன்றைப் பார்த்தேன். அப்படியொன்றை அதுவரை கண்டதில்லை. சம்பந்தி அசந்துபோகட்டும் என்று விரலால் காட்டினேன். எப்படிச் சமைப்பது என்று கேட்கக் கூச்சம். கடைக்காரர் என்னை ஊமை என்று நினைத்து விலையையும் விரலாலேயே சொன்னார். அவர் மனசு நோகக் கூடாதென்று நானும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை திராட்சைப் பந்தலுக்கு மயில்துத்தம் என்னும் நீல நஞ்சும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடித்துவிட்டு வந்து, குளித்து, கூட்டு வைத்தேன். எங்கள் போர்வெல் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. வழக்கம்போல இரண்டு சிட்டிகை சமையல் சோடா போட்டேன். அடுப்படி இருட்டில் கூட்டு கருப்பாகத்தான் தெரிந்தது. மூடி வைத்தேன்.

மனைவி பரிமாற, நான் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். முன்னறை வெளிச்சத்தில் கூட்டு மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. காலையில் டிரம்மில் கலக்கிய மருந்தின் அதே நிறம்! சம்பந்தியின் விரல் கூட்டைத் தொட்டுவிட்டது. “சாப்பிடாதீக” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறக்கவில்லை, கால்தான் ஓடியது. ஓடிப்போய் அவர் முன்னாலிருந்த இலையைச் சோறு கறியோடு இழுத்துவிட்டேன்.

(எங்கள் பக்கம் சாப்பிடுகிறவர் இலையை இழுப்பதற்கு, பெண் தர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்வதே மேல்.)

சம்பந்தியின் கை அந்தரத்தில் நின்றது.

“சம்மந்தம் வேணாம்னா வாயால சொல்லலாம்ல?”

“ம... மயில்துத்தம்,” என்றேன்.

“ஆத்தாடி! மருந்தடிச்ச கையக் கழுவலையா நீங்க?” மனைவி கரண்டியைக் கீழே போட்டாள்.

“நாலு தடவ சோப்புப் போட்டேன்...”

சம்பந்தி இலைமேல் குனிந்தார். நான் இழுத்த வேகத்தில் எலுமிச்சை ஊறுகாய் உருண்டுபோய்க் கூட்டில் விழுந்திருந்தது.

“தங்கச்சி, இங்கன பாருங்க. ஊறுகா பட்ட எடம் ரோசாக் கலராகுது. நானும் திராட்சை வச்சிருக்கேன். மயில்துத்தம் என்னைக்கும் இப்படி மாறுனதில்ல. என்ன காய் இது?”

மிச்சமிருந்த பாதிக் கோஸைக் கொண்டுவந்து நீட்டினேன். ஓர் இதழைப் பிய்த்து ஊறுகாயில் தேய்த்தார். அதுவும் சிவந்தது.

“அட, காய் விடுற சாயம்யா இது! இலையத் தள்ளுங்க, பசிக்குது.”

(நான் போட்ட சோடாதான் அதை நீலமாக்கியது என்று பிறகுதான் தெரிந்தது.) பயம் தீராமல் நான் மறுபடியும் இலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் இழுத்தார்.

“விடுங்க சம்பந்தி!”

சாப்பிட்டு முடித்து, ஆவணியில் தேதி குறித்துவிட்டுத்தான் போனார்.

“பேசத்தான் வராது, இழுக்க நல்லா வருது,” என்று மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கல்யாணப் பந்தியில் நான் பரிமாறப் போனபோது, சம்பந்தி இடது கையால் இலையை அமுக்கிக்கொண்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் அப்படித்தான் சாப்பிடுகிறார். என்றாவது அமுக்க மறந்தால், என்மேல் ஏதோ கோபம் என்று எனக்குத்தான் சோறு இறங்காது.