டேங்க் நிறைய மரியாதை

ராஜபாளையத்தில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி சுந்தரபாண்டியன் அவர்களுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முத்துராமலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம், வீட்டுக்காரி வெள்ளத்தாய் சுகம், வண்டியும் சுகம். அந்த மூன்றாவது சுகத்தைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது என் காதில் விழும். அதனால் எழுத்தில்.

போன மாதம் மகள் வெங்கடேஸ்வரியை ஸ்கேன் எடுக்க மதுரைக்கு நான் கூட்டிப்போனதும், கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்ததும், "அப்பா, வண்டிக்குள்ள பெட்ரோல் நாத்தம் கொடலப் பொரட்டுது" என்று சொன்னதும் தாங்கள் அறிந்ததே. அன்று சாயந்தரமே நீங்கள், "மருமகள அந்த வண்டியில ஏத்த மாட்டோம் சம்பந்தி. வளைகாப்பு முடிஞ்சதும் எங்க வண்டியிலேயே கொண்டாந்து விட்டுருதோம்" என்று சொல்லிவிட்டீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் சம்பந்தி, எனக்கு இருப்பது ஒரே மகள். ஏழு பேர் உட்காரும் வண்டியை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, தலைப்பிரசவத்துக்கு வரும் பிள்ளையை இன்னொருவர் காரில் இறக்கிக்கொண்டால் இந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவன் நான். என் மூக்கை நம்பி வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு வாசமும் இல்லை. வெள்ளத்தாய் கதவைத் திறந்தவள் அப்படியே பின்வாங்கி, "ஒமக்கு மூக்கு இருக்கா, இல்ல அதையும் பட்டாளத்துலயே குடுத்துட்டு வந்துட்டீரா?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் உள்ளே போய்ச் சாம்பிராணிச் சட்டியைத் தணலோடு தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி வந்தாள். பெட்ரோல் நெடி அடிக்கிற வண்டிக்குச் சாம்பிராணி! இந்த வயதில் நான் அவ்வளவு வேகமாக ஓடியதை எதிர்வீட்டுக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் மெக்கானிக் ஞானதுரையிடம் விட்டேன். முதலில் டேங்க் மூடியின் ரப்பரை மாற்றினார். வாடை போய்விட்டது என்று வெள்ளத்தாய் சான்றிதழ் கொடுத்தாள். அந்தச் சந்தோஷத்தில் நேரே பங்க்குக்குப் போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் பழைய வாடை. இரண்டாவது தடவை பின்சீட்டைக் கழற்றி, அதன் கீழே இருந்த பெட்ரோல் பம்ப்பின் வளையத்தை மாற்றினார். வாடை போனது. சந்தோஷத்தில் நிரப்பினேன். வாடை வந்தது. ஞானதுரை சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், பொறுமைசாலி. அவரே மூன்றாவது தடவை ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, டேங்க்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு டப்பாவைக் கழற்றி எடுத்தார். உள்ளே கரி. டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற டப்பாவாம். குலுக்கிக் காட்டினார், சளசள என்றது. "அண்ணாச்சி, இதுக்குள்ள ஆவிதான் வரணும். பெட்ரோலே வந்து குளிச்சிட்டுக் கெடக்கு. நீங்க எப்படிப் பெட்ரோல் போடுதிய? வாங்க, நான் கூட வாரேன்" என்றார்.

போனோம். பங்க்கில் இருக்கும் முத்துப்பேச்சி எனக்குப் பழக்கமான பிள்ளை. குழாயில் டக்கென்று சத்தம் கேட்டதும், "நெறைஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றாள். நான் வழக்கம்போல இறங்கி, வண்டியின் பின்பக்கத்தை இடுப்பால் நாலு ஆட்டு ஆட்டி, "இப்ப எறங்கிருக்கும், போடுத்தா" என்றேன். மறுபடி டக். மறுபடி ஆட்டினேன். வாய்வரைக்கும் வந்து தளும்பினால்தான் எனக்கு நிம்மதி. திரும்பிப் பார்த்தால் ஞானதுரை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "அண்ணாச்சி, ஆவி நிக்கதுக்குன்னு டேங்க்குல கொஞ்சம் எடம் விட்டுருக்கான். அதுலயும் ஊத்துனா அது எங்க போவும்? கரி டப்பாவுக்குத்தான் போவும்!"

சம்பந்தி, நீங்களும் விவசாயக் குடும்பம், உங்களுக்குப் புரியும். எங்கள் வீட்டில் மகளுக்கு அரிசி அளந்து கொடுக்கும்போது படியின் தலையைத் தட்டி யாரும் அளந்ததில்லை. கூம்பாகக் குவித்து, நாலு மணி தரையில் சிந்தினால்தான் அது கொடுத்ததாக அர்த்தம். மகள் ஏறுகிற வண்டிக்குத் தலைதட்டிப் பெட்ரோல் போட எனக்குக் கை வருமா? உங்கள் வீட்டுக்கு அரைமணி நேரப் பயணம்தான். அதற்காகப் பாதி டேங்க்கோடு வந்து நிற்க முடியுமா?

எப்படியோ, நோய் தெரிந்துவிட்டது. புது டப்பா மாட்டியாயிற்று. கழற்றியது ஞானதுரை என்றாலும், என்னுடைய கைங்கரியம் இல்லாமல் அவர் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதை அவரே ஒத்துக்கொண்டார். நோயை முதலில் கண்டவள் நம் வெங்கடேஸ்வரி. அந்த மூக்கு எங்கள் குடும்பத்து மூக்கு என்பதில் எனக்குப் பெருமை. இனி டக்கென்ற சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவேன் என்று வெள்ளத்தாய் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். நான்கு நாளாக வண்டிக்குள் மல்லிகைப்பூ வாசம் மட்டும்தான். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு எங்கள் வண்டியிலேயே வருவோம், எங்கள் வண்டியிலேயே பிள்ளையைக் கூட்டி வருவோம். இதில் பேச்சுக்கு இடமில்லை.

தங்களுக்கும் மதினிக்கும் எங்கள் அன்பு. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும், உள்ளே இருக்கும் சின்ன ஆளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
முத்துராமலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமைக்காகப் பெட்ரோல் போட்டுவிட்டு வரலாம் என்று போனேன். டக் என்றது. சத்தியப்படி நிறுத்தினேன். முத்துப்பேச்சி மூடியை மூடினாள். ரோட்டுக்கு வந்து பத்தடி போயிருப்பேன். பிள்ளையை அழைக்கப் போகிற வண்டி தலைதட்டிப் போகிறதே என்று மனம் கேட்கவில்லை. திருப்பினேன். "வேண்டாம் அண்ணாச்சி, ஞானதுரை அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்காவ" என்று அந்தப் பிள்ளை கெஞ்சியது. "இந்த ஒரு தரம் மட்டும், ஆத்தா" என்று நானும் கெஞ்சினேன். எனக்கு இப்போதும் ஒரு வாடையும் தெரியவில்லை. ஆனால் வெள்ளத்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருவில் நிற்கிறாள். ஆகையால், ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தயவுசெய்து உங்கள் வண்டியிலேயே கொண்டுவந்து விடவும். தெருவை நான் சமாளித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: நீங்கள் திரும்பிப் போகும்போது உங்கள் வண்டிக்குப் பெட்ரோல் நான்தான் போட்டு அனுப்புவேன். தடுக்கக் கூடாது.